பஞ்சாயத்து ஹாலில் ஒரு முதுகலைத் தேர்வு

போன மாதம் தனுவச்சபுரத்தில் ஒரு கல்லூரிக்குப் பேசப் போயிருந்தேன். பொது நிர்வாகம் படிக்கும் பிள்ளைகள். பேச்சு முடிந்து கேள்வி நேரம் வந்ததும் ஒரு பெண் எழுந்தாள்.

"டீச்சரே, எம்.பி.ஏ. எந்த நாட்டில படிச்சா கொள்ளாம்?"

பின்வரிசையிலிருந்து ஒரு பையன் திருத்தினான். "அவ கேக்கது பிசினஸ் எம்.பி.ஏ. இல்ல டீச்சர். மற்றது."

எல்லாரும் சிரித்தார்கள். இந்தக் குழப்பம் எனக்குப் பழகிப்போனது. வியாபாரப் படிப்பு MBA, பொது நிர்வாகப் படிப்பு MPA; இங்கிலீஷில் ஒரு எழுத்து வித்தியாசம் உண்டு. தமிழில் எழுதினால் அதுவும் கிடையாது. எனக்க ஊரான கொல்லயிலில் எங்கள் சர்ச் சபைக்காரர்கள் பலர், நான் திருவனந்தபுரத்தில் வியாபாரம் சொல்லிக்கொடுக்கிறேன் என்றுதான் கடைசிவரை நினைத்திருந்தார்கள். "எஸ்தர் இத்தன வருசம் பிசினஸ் படிப்பிச்சா, ஒரு பெட்டிக்கடை போட்டாளா பாரு" என்று எனக்க மதினியே சொல்லியிருக்கிறாள்.

அந்தப் பெண்ணுக்கு அன்று ஏதோ பதில் சொன்னேன். நெதர்லாந்தில் இது நன்றாக இருக்கும், அமெரிக்காவில் அது நன்றாக இருக்கும் என்று. வீட்டுக்கு வந்த பிறகு அது பாதி பதில்தான் என்று தோன்றியது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் படித்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. திருவனந்தபுரத்தில் எம்.ஏ. முடித்தேன். எழுதிய பரீட்சைகளில் ஒன்று தேறி, அரசு ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. காலையில் பாறசாலையில் ரயிலேறி, சாயங்காலம் அதே ரயிலில் திரும்பி, கல்யாணமும் இரண்டு பிள்ளைகளும் ஆனபிறகு, நெதர்லாந்தில் ஒரு வருட முதுகலைப் படிப்புக்கு உதவித்தொகை கிடைத்தது. எனக்க வீட்டுக்காரர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். சமையலையும் படித்துக்கொண்டார். நான் திரும்பி வந்தபோது என்னைவிட நன்றாக மீன்குழம்பு வைத்தார். இன்றைக்கும் அவர்தான் வைக்கிறார்.

அங்கே என்னை அசத்தியது பாடம் இல்லை, தேர்வு. ஒரு நாள் எங்கள் பேராசிரியர் ஒரு முனைவர் பட்டத் தேர்வைப் பார்க்கக் கூட்டிப்போனார். பெரிய மண்டபம். கருப்பு அங்கி போட்ட பேராசிரியர்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். எதிரே மேடையில் அந்த மாணவர். அவருடைய அப்பா, அம்மா, மாமனார், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தார்கள். கேள்விகள் பறந்தன. குறித்த நேரம் ஆனதும் மணி தொங்கும் கோலோடு ஒரு அம்மாள் உள்ளே வந்து, நேரமாயிற்று என்று லத்தீனில் சொல்லிக் கோலைத் தரையில் குத்தினார். அந்த மாணவர் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றார். அப்படியே வாயை மூடிக்கொண்டார். மீதி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. கை தட்டினார்கள்.

எங்கள் முதுகலைத் தேர்வு இவ்வளவு ஆடம்பரம் இல்லை. ஆனால் கதவு திறந்திருந்தது. யாரும் வந்து உட்காரலாம். நான் தங்கியிருந்த வீட்டு அம்மாள் ஆப்பிள் கேக்கோடு வந்திருந்தார். நான் கேரளத்துப் பஞ்சாயத்துகளைப் பற்றி எழுதியிருந்தேன். அவர் கடைசிவரை கவனமாகக் கேட்டார். கேள்வி கேட்க மட்டும் அவருக்கு அனுமதி இல்லை. அது அங்கிக்காரர்களுக்கு உரியது.

சில வருடம் கழித்து அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் சில மாதம் இருந்தேன். அங்கே முதுகலை மாணவர்கள் கடைசியில் ஆய்வேடு எழுதுவதில்லை. ஏதாவது ஒரு நகராட்சி தன் பிரச்சினை ஒன்றைக் கொடுக்கும். நாலைந்து பேர் சேர்ந்து அதற்கு வழி கண்டுபிடித்துச் சொல்லவேண்டும். நான் பார்த்த குழு, தெருவில் விழும் பனியை எந்தத் தெருவில் முதலில் அள்ளுவது என்று ஆராய்ந்திருந்தது. கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு நின்று படம்படமாகக் காட்டினார்கள். நகராட்சி அதிகாரி கேட்டார், "மேயருடைய தெரு எத்தனையாவது?" பையன்கள் படங்களை முன்னும் பின்னும் தள்ளித் தேடினார்கள். பேராசிரியர் வாய் திறக்கவில்லை. அங்கே கேள்வி கேட்பது வேலை கொடுத்தவர்.

ஜப்பானுக்குச் சில வாரம் போனேன். அங்கே முதுகலை வகுப்பில் பாதிப் பேர் மாகாண அரசுகள் சம்பளத்தோடு அனுப்பிவைத்த அதிகாரிகள். கடைசி நாள் ஆய்வுகளைப் படித்தார்கள். யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தலையை அசைத்தார்கள், நன்றி சொன்னார்கள், முடிந்தது. இதென்ன தேர்வு என்று பக்கத்தில் இருந்த அதிகாரியிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் சிரித்தார். ஆய்வில் யார் யாரைப் பற்றிச் சொல்கிறார்களோ, அவர்கள் மேசைக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போய் முன்கூட்டியே காட்டி, கேள்வியெல்லாம் வாங்கித் திருத்திவிட்டுத்தான் மேடைக்கு வருவார்களாம். சபையில் ஒருவரையும் திடுக்கிட வைக்கக்கூடாது.

நம் ஊரில் எப்படி என்று சொல்லவேண்டியதில்லை. வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். ஒரு சின்ன அறை. கதவு சாத்தியிருக்கும். வடை, சாயா. "உங்கள் ஆய்வின் நோக்கம் என்ன?" மாணவர் முதல் பக்கத்தை ஒப்பிப்பார். தேர்வாளருக்குத் திரும்பிப் போக பஸ் இருக்கும். எல்லாரும் பாஸ்.

எங்கள் நிறுவனத்தில் பணியில் இருப்பவர்களுக்கென்று பொது நிர்வாக முதுகலை தொடங்கியபோது, அதன் பொறுப்பு எனக்கு வந்தது. வாய்மொழித் தேர்வை மாற்றவேண்டும் என்று எங்கள் டைரக்டரிடம் போனேன்.

டைரக்டர் பணிக்கர் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒல்லியான மனிதர். யார் என்ன சொல்ல வந்தாலும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார். நாம் முடித்ததும் "என்னிட்டு?" என்பார். அதன் பிறகு என்ன என்று அர்த்தம். நாம் இன்னும் கொஞ்சம் சொல்வோம். மறுபடியும் "என்னிட்டு?" அரை மனதோடு வந்தவர்கள் இரண்டாவது 'என்னிட்டு'விலேயே எழுந்து போய்விடுவார்கள். அவர் யாரிடமும் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. தேவையே வந்ததில்லை.

"ஆய்வு எந்த ஊரைப் பற்றியோ, அந்த ஊரிலேயே வைச்சுத் தேர்வு நடத்தணும் சார்."

"என்னிட்டு?"

"பஞ்சாயத்து ஹாலில். ஊர்க்காரங்க வரலாம்."

"என்னிட்டு?"

"அவங்களும் கேள்வி கேக்கலாம். மார்க்கு தேர்வாளர்தான் போடுவார்."

"என்னிட்டு?"

"யாரைப் பத்தி எழுதியிருக்கோ அவங்களுக்கு ஒரு வாரம் முன்னாடியே சுருக்கத்தை மலையாளத்திலயும் தமிழிலயும் கொடுத்திடணும்."

மறுபடி ஒரு 'என்னிட்டு' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஒண்ணு செய்து பாருங்க. ஒண்ணே ஒண்ணு" என்றார்.

அந்த ஒன்று ஷீபாவுக்கு விழுந்தது.

ஷீபா நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் எல்லையோரப் பஞ்சாயத்து ஒன்றில் கிளார்க். பெயர் வேண்டாம், எல்லாரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அந்தப் பஞ்சாயத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சாயங்கால ஓ.பி. தொடங்கியிருந்தார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் திரும்பி வரும் வழியில் டாக்டரைப் பார்க்கட்டும் என்று பிரசிடண்ட் வசந்தகுமாரி அலைந்து திரிந்து கொண்டுவந்த திட்டம். பேப்பரில் படத்தோடு வந்தது.

ஷீபா ஆறு மாதம் அங்கே போய் உட்கார்ந்து பார்த்து எழுதினாள். அவள் கண்டது இது: நெய்யாற்றின்கரை துணிக்கடைகளிலும் பாலராமபுரம் தறிகளிலும் வேலை பார்க்கும் பெண்கள் பஸ் இறங்குவதற்குள் டாக்டர் போய்விடுகிறார். யாருக்காகத் தொடங்கினார்களோ அவர்களுக்கு அது கிடைக்கவில்லை. வருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் இருக்கும் வயசானவர்கள். அவர்கள் காலையிலேயே வரலாம். ஆகவே நேரத்தைப் பின்னால் தள்ளவேண்டும் என்று முடித்திருந்தாள்.

நல்ல ஆய்வு. எனக்குச் சந்தோஷம். நெதர்லாந்தில் ஒரு குறுகிய படிப்புக்கு அவள் பெயரை நான் சிபாரிசு செய்து, இடமும் கிடைத்திருந்தது. தேர்வு நடக்கும் அந்த மாதத்துக்குள் பட்டம் முடிந்ததாகச் சான்று போகவேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

சுருக்கம் பஞ்சாயத்துக்குப் போன மறுநாள் ஷீபா என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டீச்சரே, பிரசிடண்ட் அத வாயிச்சிட்டாவ. ஆபீசில என்னைப் பார்த்தாவ, ஒண்ணும் பேசல்ல. முகம் கறுத்துப் போச்சு."

"பயமா இருக்கா?"

"பயம் இல்லாம இருக்குமா? நாளைக்கும் அவிய முன்னாலதான் நான் இருக்கணும். ஆனா எழுதினது சரியாக்கும்."

அன்று மத்தியானமே பணிக்கர் சார் கூப்பிட்டார். பிரசிடண்ட் போன் செய்தாராம். ஹாலைத் தரமாட்டேன் என்று சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். "மைக்கும் வச்சுத் தாறேன்னு சொன்னாங்க" என்றார் சார். "எனக்கு அதுதான் யோசனையா இருக்கு. பேசாம இங்கேயே கதவைச் சாத்தி நடத்திடலாமா?"

எனக்கும் ஒரு நிமிடம் அதுதான் நல்லது என்று பட்டது. ஆனால் ஷீபாவைக் கேட்காமல் முடிவு செய்ய மனசு வரவில்லை. அவளைக் கேட்டேன். "கதவ சாத்தினா நான் ஒளிச்சு வச்சு எழுதினது மாதிரி ஆயிரும் டீச்சர். ஹாலிலயே வைப்போம்."

தேர்வன்று ஹால் நிறைந்திருந்தது. பணிக்கர் சாரும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். துணிக்கடைப் பெண்கள் சிலர் விடுப்பு எடுத்து வந்திருந்தார்கள். வயசானவர்கள் முன்வரிசையில். தேர்வாளர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். மலையாளம் தெரியாது. இங்கே யாரும் ஒரு வாக்கியத்தை ஒரே மொழியில் முடிப்பதில்லை என்பதும் அவருக்குத் தெரியாது. தமிழில் ஆரம்பித்த ஆள் பாதியில் மலையாளத்துக்குத் தாவினதும் திகைத்து என்னைப் பார்ப்பார். நான் காதில் சொல்வேன்.

முதலில் அவர் கேட்டார். கோட்பாடு, மாதிரி எடுத்த முறை. ஷீபா நிதானமாகப் பதில் சொன்னாள். பிறகு நான் சபையைப் பார்த்து, கேள்வி உண்டா என்றேன். ஒரு பெண், "டாக்டர் ஏழரை மணிவரை இருந்தா எங்களுக்குப் போதும்" என்றாள். அது கேள்வி இல்லை, ஆனாலும் எல்லாரும் தலையாட்டினார்கள்.

பிரசிடண்ட் எழுந்தார். மைக்கை வாங்கவில்லை. அவர் முன்பு பாரலல் காலேஜில், அதாவது தனியார் டுட்டோரியலில், கணக்கு எடுத்தவர். குரல் கடைசி வரிசைவரை போகும்.

"நான் செய்தது தப்பாக்கும்னு எழுதியிருக்கியா, ஷீபா?"

ஷீபா தாளை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இல்ல, பிரசிடண்டே. செய்தது தப்பில்ல. நேரம்தான் சரியில்லைன்னு எழுதியிருக்கேன்."

"சரி. நான் அத ரெண்டு தடவ வாயிச்சேன். வராத பொம்பளைகளிட்ட எல்லாம் போய் ஏன் வரல்லைன்னு கேட்டிருக்க. கொள்ளாம். வாறவங்ககிட்ட ஏன் வாறீங்கன்னு கேட்டியா?"

ஷீபா தன் ஆய்வேட்டைப் புரட்டினாள்.

"இந்த வயசானவங்க காலையில வரலாம்னு எழுதியிருக்க. யாரு கூட்டிட்டு வருவா? மகளும் மருமகளும் வேலைக்குப் போயாச்சு. பேரப்பிள்ள பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு அதுக்க கையப் பிடிச்சுத்தான் இவிய வாறது. நேரத்தத் தள்ளி வச்சா இருட்டுல எப்பிடி வருவாவ? அவங்கள்ல ஒரு ஆளிட்டயாவது கேட்டியா?"

முன்வரிசையில் ஒரு பெரியவர் கைத்தடியைத் தட்டி ஆமாம் என்றார்.

தேர்வாளர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். அவர் புருவத்தை உயர்த்தி, நல்ல கேள்வி என்று தாளில் எழுதிக்கொண்டார்.

"கேக்கல்ல, பிரசிடண்டே" என்றாள் ஷீபா. "கேட்டிருக்கணும்."

தேர்வாளர், பணிக்கர் சார், நான் மூன்று பேரும் பக்கத்து அறைக்குப் போனோம். தேர்வாளர் நல்ல மனிதர். "பாஸ் போட்டுவிடலாம் மேடம். ஒரு குறை இருக்கிறது, ஆனால் இதைவிட மோசமான ஆய்வுகளுக்கு நான் முதல் வகுப்பே போட்டிருக்கிறேன்" என்றார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. சான்று போகவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஷீபாவைக் கூப்பிட்டுச் சொன்னோம்.

அவள் பணிக்கர் சாரைப் பார்த்து, "சார், எனக்கு ஒரு மாசம் தருவீங்களா? கேட்டிட்டு வாறேன்" என்றாள்.

"ஷீபா, நெதர்லாந்து போயிரும்" என்றேன்.

"தெரியும் டீச்சர். இப்ப பாஸ் வாங்கிட்டு நான் எப்பிடி ஹாலுக்குள்ள போவேன்? அந்தக் கைத்தடிக்காரர் எனக்க அப்பாக்க கூட்டுக்காரர்."

தேர்வாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பாஸ் உண்டு, ஃபெயில் உண்டு. நடுவில் எதுவும் இல்லை. நெதர்லாந்தில் திருத்திக் கொண்டுவா என்று சொல்லும் வழி உண்டு என்றேன். "இங்கே விதியில் இல்லையே" என்றார் அவர்.

பணிக்கர் சார் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணை மூடினார். "கூடாதுன்னு இருக்கா?" என்று கேட்டார்.

தேர்வாளர் மறுபடி புரட்டினார். அப்படியும் இல்லை.

"அப்ப இந்தத் தேர்வு முடியல்ல" என்றார் சார். "கோர்ட்டில செய்யுற மாதிரி ஒத்தி வச்சிருக்கோம். தொடங்கின தேர்வு எப்ப முடியணும்னு விதி சொல்லல்ல." அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

நெதர்லாந்து இடம் அந்த வருடம் போயிற்று. எனக்குத்தான் வருத்தம் அதிகம். ஷீபா அடுத்த நாளே பெரியவர்கள் வீடுகளுக்குப் போகத் தொடங்கிவிட்டாள். சனி, ஞாயிறுகளில் பிரசிடண்டும் கூடப் போனார். வழிகாட்டப் போனேன் என்று அவர் சொன்னார். கேள்விகளைச் சரியாகக் கேட்கிறாளா என்று பார்க்க வந்தார் என்று ஷீபா சொன்னாள். இருவரும் ஒரு ஸ்கூட்டரில் போய்வந்தார்கள் என்பது மட்டும் ஊருக்கே தெரியும்.

ஒரு மாதம் கழித்து அதே ஹாலில் தேர்வு தொடர்ந்தது. ஷீபா முடிவை மாற்றியிருந்தாள். எல்லா நாளும் நேரத்தைத் தள்ளவேண்டாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஏழரை வரை வைத்தால் போதும், மற்ற நாள் பழையபடி. டாக்டரம்மாவும் அதற்குச் சம்மதம் சொல்லியிருந்தார். பிரசிடண்ட் இந்த முறையும் எழுந்தார். வெறுமனே உட்காருவாரா? பஸ் நேரம் பற்றி ஒன்று, மருந்துக் கடை பற்றி ஒன்று, இரண்டு கேள்வி கேட்டார். இரண்டுக்கும் பதில் இருந்தது. "கொள்ளாம், மக்கா" என்று உட்கார்ந்தார். தேர்வாளர் முதல் வகுப்பு போட்டார். அந்த மாதமே கமிட்டியில் வைத்து நேரத்தை மாற்றினார்கள். துணிக்கடைப் பெண்கள் பஸ் இறங்கி நேரே டாக்டரிடம் போவதை நான் ஒரு சாயங்காலம் நின்று பார்த்தேன். கடைப்பை கையில், செருப்பு வாசலில்.

ஷீபா அடுத்த வருடம் நெதர்லாந்து போனாள். அங்கிருந்து போன் செய்தாள். "டீச்சரே, இங்க ஒரு தேர்வு பார்த்தேன். ஊர்க்காரங்கள உட்கார மட்டும்தான் விடுதாவ. பாவம்."

எந்த நாட்டில் படித்தால் நல்லது என்று கேட்ட அந்தப் பெண்ணுக்கு, நான் சொல்லாமல் விட்ட பாதி இதுதான். பாடத்திட்டம் எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கிறது. அதே ஆசிரியர்கள் பெயர், அதே தத்துவங்கள். சேருமுன் அங்கே கடைசி நாள் யார் கேள்வி கேட்கிறார்கள் என்று விசாரித்துக்கொள். அதிலிருந்து அந்த நாடு அரசாங்கத்தை யாருக்காக வைத்திருக்கிறது என்பது ஓரளவு தெரிந்துவிடும். அங்கிக்கார நாட்டில் கதவைத் திறந்து வைக்கக் கற்றேன். பனி அள்ளும் நாட்டில், யாருக்காக எழுதுகிறோமோ அவரைக் கேள்வி கேட்க விடக் கற்றேன். ஜப்பானில் முன்கூட்டிச் சொல்லும் மரியாதையைக் கற்றேன். மூன்றையும் கலந்து ஒரு ஹாலில் வைத்தபோது, நான் எதிர்பாராத ஒன்று நடந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் புதிய வகுப்புக்கு நேர்முகம் நடந்தது. பணியில் இல்லாதவர்களுக்கும் சில இடம் ஒதுக்கியிருந்தோம். கதவைத் திறந்துகொண்டு வசந்தகுமாரி உள்ளே வந்தார். பதவிக்காலம் முடிந்திருந்தது, வார்டு ஒதுக்கீடு மாறியதால் மறுபடி தேர்தலில் நிற்கவில்லை. பாலராமபுரம் கைத்தறிச் சேலை, கையில் பட்டச் சான்றிதழ். வணக்கம் சொல்லி எதிரே உட்கார்ந்தார். நாங்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டோம். பிறகு, நேர்முகம் நடத்துவது நாங்கள்தான் என்று ஞாபகம் வந்து உட்கார்ந்தோம்.

"நீங்க எதுக்கு இந்த வயசில படிக்க வாறீங்க?" என்று பணிக்கர் சார் கேட்டார்.

"அன்னைக்கு ஹாலில நான் கேட்ட கேள்விக்கு அந்தப் பிள்ளைக்கு மார்க்கு கிடைச்சு" என்றார் அவர். "எனக்கு ஒண்ணும் கிடைக்கல்ல சார்."

சார் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. "என்னிட்டு?" என்றும் கேட்கவில்லை. சேர்த்துக்கொண்டார்.

முதல் நாள் வகுப்பில் வசந்தகுமாரி முன்பெஞ்சில், தன் பிள்ளை வயசு அதிகாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போய், பையை மேசையில் வைத்து, போர்டைத் துடைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் கையைத் தூக்கியிருந்தார். நான் இன்னும் பாடத்தைத் தொடங்கவே இல்லை.